அங்கன்வாடி மையத்தில் பணிபுரிவோர் யாவர்? எதற்கு எவரை அணுகுவது?

திருப்புட்குழி, பாலுசெட்டி சத்திரம் முதலிய ஊர்களில் பட்டுத் தறி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இயங்குகிறது. தாய் தறியில் அமர்ந்திருக்கையில் இரண்டு வயதுக் குழந்தை தறிக்குழியின் விளிம்பில் விளையாடும். பாவு நூலைப் பிடித்து இழுக்கும். இத்தகைய இல்லங்களுக்கு அரசின் குழந்தைகள் மையமே, அதாவது அங்கன்வாடி மையமே, அருகிலுள்ள குழந்தைக் காப்பிடம். அங்குக் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், குறை இருப்பின் யாரிடம் கூறுவது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

இம்மையங்கள் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இயங்குகின்றன. இத்திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. பொதுவாக 400 முதல் 800 பேர் வரை வாழும் பகுதிக்கு ஒரு மையம் என்பது அளவு. அதனினும் சிறிய குடியிருப்புகளில் குறு அங்கன்வாடி மையம் இருக்கும்.

மையத்தில் இருப்பவர்கள்

முதன்மை மையத்தில் இருவர் பணிபுரிவர். ஒருவர் அங்கன்வாடி பணியாளர், மற்றவர் உதவியாளர். பணியாளரை ஊரார் 'டீச்சர்' என்றும், உதவியாளரை 'ஆயா' என்றும் அழைப்பர்.

பணியாளரே மையத்தின் பொறுப்பாளர். முன்பருவக் கல்வி அளிப்பது (தமிழ்நாட்டில் இதற்கான பாடத்திட்டத்தின் பெயர் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'), மாதந்தோறும் எடை பார்ப்பது, அதனைப் போஷன் டிராக்கர் செயலியில் பதிவது, கருவுற்ற தாய்மார்களுக்கும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் சத்துமாவு வழங்குவது, வீடுகளுக்குச் சென்று பார்ப்பது ஆகிய அனைத்தும் அவர் கடமைகள். இவற்றுடன் பல்வேறு கணக்கெடுப்புப் பணிகளும் அவரிடமே ஒப்படைக்கப்படுகின்றன. ஆகவே அவர் சில நாள்களில் மையத்தில் இல்லாதிருப்பது கவனக்குறைவு ஆகாது.

உதவியாளர் சமைக்கிறார், மையத்தையும் பாத்திரங்களையும் தூய்மையாக வைத்திருக்கிறார், குழந்தைகளுக்குக் கைகழுவி விடுகிறார், வீட்டிலிருந்து அழைத்தும் வருகிறார். சிறு குழந்தை நாள் முழுவதும் நெருங்கியிருப்பது பெரும்பாலும் இவரிடமே. குழந்தை உணவை ஒதுக்குகிறதா, அடிக்கடி வயிற்றுப்போக்கு உண்டாகிறதா என்பதை இவர்தாம் முதலில் கவனிப்பார். குழந்தையை அழைக்கச் செல்லும்போது இவரிடமும் இரண்டு சொல் கேளுங்கள்.

பணியிடம் காலியாக இருந்தால், அருகிலுள்ள மையத்தின் பணியாளர் கூடுதல் பொறுப்பு வகிப்பதுண்டு. அந்நிலையில், அவர் எந்தெந்த நாள்களில் வருவார், அவர் இல்லாத நேரத்தில் குழந்தைகளுடன் யார் இருப்பார் என்று நேரடியாகக் கேட்டறிய வேண்டும். இது பெற்றோரின் உரிமையே.

பணியாளர் செவிலியர் அல்லர்

குழந்தைக்கு வலிப்பு, மூச்சிரைப்பு, முட்டை ஒவ்வாமை போன்றவை இருந்தால் சேர்க்கும்போதே எழுதிக் கொடுங்கள். தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். காய்ச்சல் உள்ள குழந்தையை மையத்திற்கு அனுப்ப வேண்டாம். தடுப்பூசி, குடற்புழு நீக்க மாத்திரை, வைட்டமின் ஏ திரவம் ஆகியவை கிராம சுகாதார செவிலியரின் பொறுப்பில் வழங்கப்படுகின்றன. மேலும், பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. அந்நாளில் குழந்தையை விடுப்பெடுக்கச் செய்யாதீர்கள். பிறவி இதயக் குறைபாடு, காது கேளாமை முதலியன பல குழந்தைகளிடம் இவ்வாறே கண்டறியப்படுகின்றன.

எடை விவரத்தை மாதந்தோறும் கேட்டறியுங்கள். குழந்தை சுறுசுறுப்பாகத் தோன்றினாலும், தொடர்ந்து இரண்டு மாதங்கள் எடை கூடாதிருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆறு மாதத்திற்கு மேல் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.-க்குக் குறைவாக இருப்பது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டின் அறிகுறி. இரு பாதங்களிலும் வீக்கம், பால் அல்லது நீர் அருந்தாமை, துவண்டு போதல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் எவருடைய பரிந்துரைக்கும் காத்திராமல் 108 ஊர்தியை அழைக்கவும்.

உணவும் மேல்நிலை அலுவலர்களும்

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-இன்படி மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோ கலோரி ஆற்றலும் 12 முதல் 15 கிராம் வரை புரதமும் அளிக்கும் உணவு வழங்கப்பட வேண்டும். ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்கு இது 800 கிலோ கலோரி. கலவை சாதத்துடன் முட்டையும் பச்சைப் பயறும் தருவது இதற்காகவே. (திருப்புட்குழித் தாயார் சந்நிதியில் பிள்ளைப்பேறு வேண்டிப் பயறு முளைக்கக் காத்திருக்கும் வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையின் தட்டிலும் அப்பயறு தவறாது விழுகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.)

உணவின் தரம், மையம் திறக்கப்படாமை, பழுதான கட்டடம் ஆகியவை குறித்து முதலில் பணியாளரிடம் கூறுங்கள். தீராவிடில் மேற்பார்வையாளரை அணுகலாம். ஏறத்தாழ 25 மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். அவருக்கு மேல், வட்டார அளவில் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரும், மாவட்ட அளவில் மாவட்டத் திட்ட அலுவலரும் உள்ளனர். திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு அளிக்கலாம். குழந்தை அடிக்கப்பட்டதாகவோ துன்புறுத்தப்பட்டதாகவோ அறிந்தால் இந்தப் படிகளைப் பின்பற்றத் தேவையில்லை. உடனே 1098 என்ற எண்ணை அழைக்கவும்.

ஆலைப் பணிக்குச் செல்லும் தாய்மார்களுக்கு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்குச் செல்வோரின் நிலை வேறு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இவ்விதி 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. பணியில் சேரும்போதே இவ்வசதி பற்றி நிறுவனம் எழுத்துவழி தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவிக்காவிடில் மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

வீட்டுத் தறியில் நெய்யும் தாய்க்கு இச்சட்டத்தின் பயன் கிட்டுவதில்லை. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தையை நாள் முழுதும் பார்த்துக்கொள்ளும் 'பால்னா' காப்பகங்கள் சில இடங்களில் அங்கன்வாடியுடன் இணைந்து இயங்குகின்றன. அவற்றில் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் தனியே இருப்பர்; 25 குழந்தைகள் வரை சேர்க்கப்படுவர். தங்கள் வட்டாரத்தில் இவ்வசதி உள்ளதா என்பதைக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் கேட்டறியலாம்.