கழுத்தில் படர்வது அழுக்கன்று

எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு ஒரு தாய் தம் 13 வயது மகளை அழைத்து வந்திருந்தார். சிறுமியின் பின்கழுத்தில் அடர்ந்த கருமை. அதன் நடுவே சிவந்து உரிந்த கீறல்கள். "எவ்வளவு தேய்த்தாலும் இந்த அழுக்குப் போகமாட்டேன் என்கிறது, டாக்டர்" என்றார் தாய். பீர்க்கங்காய் நார், எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா என எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள். பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று அச்சிறுமி தலையைக் குனிந்தவாறே கூறினாள்.

அது அழுக்கன்று. மருத்துவத்தில் 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' எனப்படும் தோல் மாற்றம். பின்கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, விரல் கணுக்கள் ஆகிய இடங்களில் தோல் தடித்துக் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணியைப் போன்றிருக்கும். சிலருக்கு அருகிலேயே சிறு மருக்களும் தொங்கும். இது பிறருக்குத் தொற்றாது.

இதன் காரணம் பெரும்பாலும் தோலுக்கு வெளியே இல்லை. நாம் உண்ணும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை உயிரணுக்கள் ஏற்றுக்கொள்ளத் துணைபுரிவது கணையம் சுரக்கும் இன்சுலின். உடற்பருமன், உடலுழைப்பின்மை, மரபு முதலிய காரணங்களால் உயிரணுக்கள் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது, கணையம் அதை மேன்மேலும் சுரந்து ஈடுகட்டுகிறது. இக்கட்டத்தில் இரத்தச் சர்க்கரை அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். ஆனால் மிகுதியான இன்சுலின், தோலின் உயிரணுக்களைத் தூண்டி அளவுக்கு மீறிப் பெருகச் செய்கிறது. எனவே, பரிசோதனைத் தாளில் சர்க்கரை நோய் தென்படுவதற்கு முன்னரே அதற்கான அறிகுறி கழுத்தில் தென்பட்டுவிடலாம்.

தேய்ப்பதால் பயன் இல்லை என்பதோடு தீங்கும் உண்டு. உராய்வு தோலை மேலும் தடிக்கவும் கறுக்கவும் செய்யும். அதைவிடக் கவலை தருவது, மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் களிம்புகள். நிறத்தைக் கூட்டும் என்ற பெயரில் கைமாறும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, முகத்தில் பருக்களும் முடியும் தோன்றும். கருமைக்காக வந்தவர்களைவிடக் களிம்பின் விளைவுக்காக வந்தவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதே எனக்குக் கடினமாக இருந்திருக்கிறது.

உணவைப் பற்றிக் கேட்டபோது, "இனிப்பே கொடுப்பதில்லை" என்றார் அந்தத் தாய். விசாரித்ததில் காலையும் மாலையும் சர்க்கரை சேர்த்த சத்துமாவுப் பானம், இடைவேளையில் பிஸ்கட், பள்ளி விட்டதும் குளிர்பானம். 300 மில்லிலிட்டர் குளிர்பானம் பலவற்றில் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. சேர்க்கப்படும் சர்க்கரை நாள் ஒன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே கூறும் அளவு. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவையும் இக்கணக்கில் அடங்கும். பலர் இதை நம்ப மறுக்கிறார்கள்!

சோற்றையோ இட்லியையோ அறவே விட வேண்டியதில்லை. தட்டின் அமைப்பை மாற்ற வேண்டும். பாதி கீரையும் காய்கறியும். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரதம். எஞ்சிய கால் பங்கே சோறு. சிறுதானியம் நல்லதுதான், ஆனால் அதையும் அளவின்றி உண்டால் பயன் இராது. பழத்தைச் சாறாக்காமல் கடித்துத் தின்பது மேல்.

தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள குளுக்கோஸை அவை எளிதில் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே உணவுக்குப் பின் 15 நிமிட நடைகூட உதவும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட விரைவு நடையும், பிள்ளைகளுக்கு நாள்தோறும் 60 நிமிட ஓடியாடும் விளையாட்டும் தேவை. இரவு வெகுநேரம் கைப்பேசியுடன் விழித்திருப்பதும் இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டும். எடை மிகுந்த பெரியவர்கள் உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே இன்சுலின் செயற்பாடு மேம்படும். கருமையும் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடலாகாது.

எல்லாக் கருமைக்கும் காரணம் ஒன்றே அன்று. தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, சில மருந்துகள் ஆகியவற்றாலும் இது வரலாம். மாதவிடாய் ஒழுங்கின்றி வரும் பெண்கள் அதையும் மருத்துவரிடம் கூற வேண்டும். முதியவர் ஒருவருக்குத் திடீரெனத் தோன்றி விரைந்து பரவினாலோ, உள்ளங்கையிலும் வாயிலும் தோல் தடித்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ காலம் தாழ்த்தாமல் வர வேண்டும். அரிதாக, இரைப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் அது அமையும்.

அன்று சிறுமிக்குப் பரிசோதனை எழுதியபின் தாயின் கழுத்தையும் பார்த்தேன். சேலைத் தலைப்புக்கு அடியில் அதே கருமை. அவருக்கும் எச்பிஏ1சி பார்க்கச் சொன்னேன். மகளுக்கு இயல்பான அளவு; தாய்க்கு 6.1. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. நான்கு மாதங்கள் கழித்து இருவரும் வந்தார்கள். மகளின் கழுத்தில் கீறல்கள் இல்லை. கருமை இன்னும் இருக்கிறது, ஆனால் தோல் மென்மையாகியிருந்தது. "இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவை நான்தான் நடக்கக் கூட்டிப் போகிறேன்" என்றாள் அவள்.