ரோமாபுரியின் நாவலர்கள் – 9: குவின்டிலியனின் மெழுகுப் பலகை

சிசரோ மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், அவருடைய நூல்களையே உரைகல்லாகக் கொண்டு ரோமாபுரியின் இளைஞர்களுக்கு இருபது வருஷ காலம் பிரசங்க சாஸ்திரம் போதித்தவர் குவின்டிலியன். ஸ்பெயின் தேசத்துக் கலகுரிஸ் நகரில் பிறந்த இவர், வெஸ்பாசியன் சக்கரவர்த்தியின் ஏற்பாட்டினால் அரசாங்கப் பொக்கிஷத்திலிருந்தே சம்பளம் பெற்றார். ஓய்வு பெற்றபின், பத்தொன்பது வயது நிறையாத மனைவியையும் இரண்டு புதல்வர்களையும் ஒருவர்பின் ஒருவராகப் பறிகொடுத்த துக்கத்தினூடே, பன்னிரண்டு காண்டங்கள் கொண்ட தம் மகாநூலை எழுதி முடித்தார்.

அதில் பத்தாவது காண்டத்தை, எழுதுகோல் பிடிக்கும் எவரும் படித்தாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மெழுகு பூசிய பலகையில் எழுதுவதே சிலாக்கியம் என்கிறார். ஏனெனில் அதில் அழிப்பது சுலபம், எழுதுவதைப் போலவே அழிப்பதும் எழுத்தாளனின் வேலை என்பது அவர் சித்தாந்தம். கண்பார்வை மங்கியவர்கள் தோலேட்டில் எழுதலாம். ஆனால் மையைத் தொட்டுத் தொட்டு எழுதுவதில் சிந்தனையின் வேகம் தடைப்படும். பலகை அகலமாயிருப்பதும் ஆகாது. வரிகளை எண்ணியே தன் உரைக்கு அளவு வைத்துக்கொண்ட ஓர் இளைஞன் மிதமிஞ்சி நீட்டி எழுதிவந்ததும், எத்தனை கண்டித்தும் தீராத அந்த வியாதி, பலகையை மாற்றியவுடன் தீர்ந்துபோனதும் அவர் கண்டறிந்த விஷயங்கள். பிறரை வைத்துக்கொண்டு சொல்லி எழுதுவிப்பதையும் அவர் ஏற்கவில்லை. எதிரில் ஒருவன் காத்திருக்கையில், யோசிப்பதற்கே வெட்கப்பட்டு, வாய்க்கு வந்த சொல்லை உதிர்த்துவிடுகிறோம் அல்லவா!

இத்தனை கண்டிப்புக்காரர், அளவு கடந்த கவலையையும் கடிந்துகொள்கிறார். ஜூலியஸ் செக்குண்டஸ் என்ற நண்பர் மாணவப் பருவத்தில், ஓர் உரைக்குத் தோற்றுவாய் அமையாமல் மூன்று நாள் முகம் வாடியிருந்தாராம். அவருடைய தந்தையின் சகோதரரும் பெரும் பேச்சாளருமான ஃப்ளோரஸ், தன் சக்திக்கு மேலாகவும் ஒருவன் எழுத ஆசைப்படுவதுண்டோ என்று புன்னகையோடு கேட்டு அந்தப் பையனைத் தேற்றினாராம்.

சொல்வன்மை பெற்ற நல்ல மனிதனே பிரசங்கி என்ற பழைய கேட்டோவின் லட்சணத்தைப் பன்னிரண்டாம் காண்டத்தில் எடுத்துக்கொண்டு, துஷ்டன் ஒருபோதும் உத்தமப் பிரசங்கியாக முடியாது என்று சாதிக்கிறார். பேராசையும் பொறாமையும் அலைக்கழிக்கும் நெஞ்சில், கலைக்கு வேண்டிய அவகாசம் எங்கிருந்து வரும் என்பதே அவருடைய பிரதான வாதம். வஞ்சகரிலும் வாய்ச்சாலகர் உண்டே என்போருக்கு அவர் தரும் விடை என்னை முழுதும் திருப்தி செய்யவில்லை. ஆயினும் மேற்சொன்ன வாதத்தின் உண்மையை நான் மனமார நம்புகிறேன்.

அதனாலேயே, இவர் டொமிஷியன் சக்கரவர்த்தியைத் தெய்வமாகவும் கவிசிரேஷ்டனாகவும் துதித்திருக்கும் பகுதிகளைப் படிக்கையில் நெஞ்சு நோகிறது. தத்துவ ஞானிகளை ரோமாபுரியிலிருந்து துரத்திய அரசன் அவன். குவின்டிலியனிடம் பாடம் கேட்ட தன் உறவுப் பிள்ளைகளின் தகப்பனாரான கிளெமென்ஸையே 95ஆம் ஆண்டில் கொல்வித்தவன். அச்சத்தின் ஆட்சியில் வாழ்ந்த ஆசிரியரை இன்று நாம் சுலபமாக நிந்தித்துவிடலாம். நான் நிந்திக்கவில்லை, வருந்துகிறேன்.

அவரிடம் கற்ற இளைய பிளினி, அந்த ஆட்சி ஒழிந்தபின் வாய் திறந்து பேசிய வரலாற்றை அடுத்த வாரம் காண்போம்.