தங்கவயலின் பெயரில்லாத பெண்கள்

கோலார் தங்கவயல் வரலாற்றை யார் எழுதினாலும், 1870களில் சுரங்க உரிமை பெற்ற லவெல், 1880ல் வந்த ஜான் டெய்லர் கம்பெனி, 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம் என்றுதான் எழுதுவார்கள். அதில் ஒரு பெண்ணின் பெயராவது உண்டா என்று தேடிப் பாருங்கள்.

கம்பெனி வருவதற்கு முன்பே இங்கே பொன் எடுத்தார்கள். 1802ல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி மாரிக்குப்பம் பக்கம் அதை நேரில் பார்த்து எழுதி வைத்தார். ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை வெட்டிக் கூடை கூடையாக மேலே அனுப்புவார்கள். அந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கியவர்கள் பெண்கள். பொடியைத் தண்ணீரில் அலசினால் மண் கரைந்து போய்ப் பொன்துகள் அடியில் தங்கும். பின்னால் ஆலை இயந்திரங்கள் செய்த கல் இடிக்கும் வேலையை அன்று செய்தது நம்ம பெண்களின் கைதான். ஆனால் அவர்களில் ஒருவர் பெயரும் நம்மிடம் இல்லை.

அமெரிக்காவிலும் பொன் தேடிப் போன கதை உண்டு. அங்கே சில பெண்களையாவது பெயரோடு நினைவில் வைத்திருக்கிறார்கள். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கிளாரா பிரவுன், 1859ல் கொலராடோ போய், சுரங்க ஊரில் துணி துவைத்துப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் விடுதலையான பலரை அழைத்து வந்து வாழவைத்தார். பிரிந்துபோன மகளை 1882ல்தான் கண்டார். அயர்லாந்துக்காரரான நெல்லி கேஷ்மன் சுரங்க ஊர்களில் தங்கும் விடுதி நடத்தியவர். கனடாவின் காசியர் மலையில் நோயில் கிடந்த தொழிலாளருக்குப் பனியில் உணவு கொண்டுபோனார். துணி துவைத்ததும் சோறு போட்டதும் அங்கே வரலாறாகிவிட்டது!

நம் லைன் வீடுகளிலும் அதே உழைப்புதான். வட ஆற்காடு, சித்தூர் பக்கமிருந்து வந்த குடும்பங்களில், ஷிப்டுக்குத் தக்கபடி சமைத்து, குழாயடியில் தண்ணீர் பிடித்து, கல்தூசியால் நுரையீரல் கெட்ட கணவனைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடிய பிறகு, விடியலில் பெங்களூர் ரயிலேறி வேலைக்குப் போனவர்களில் பெண்களும் உண்டு.

குறை என்னிடமும் உண்டு. எங்கள் மளிகைக் கடையில் கடன் நோட்டு எழுதியவன் நான். அரிசி பருப்பு வாங்கினதும், சம்பளத்தன்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்ததும் பெண்கள்தான். நோட்டிலோ கணவன் பெயர் மட்டும். சுரங்கம் மூடிச் சில வருஷம் கழித்து ஒரு அம்மா வந்து, "பழைய பாக்கி இருக்குதுங்களே ஐயா" என்று பணத்தை நீட்டினார். அவர் பெயரை நோட்டில் தேடினேன், இல்லை. "உங்க பேரு என்னம்மா?" என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்கே வெட்கமாயிருந்தது.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியின் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த லைனில் குடியிருந்தார், என்ன வேலை செய்தார் என்று ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.