ரூ.6 ஆயிரம் புரொஜெக்டர்: அறைக்குள் சினிமா, தெருவில் ஏமாற்றம்!

கணபதி விழா நாள்களில் தெருவில் உட்கார்ந்து சினிமா பார்த்த நினைவு, மும்பையில் வளர்ந்து ஐம்பது வயதைக் கடந்த தமிழர்கள் பலருக்கு இருக்கும். இரண்டு சால்களுக்கு நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். 16 மி.மீ. புரொஜெக்டர் வாடகைக்கு வந்து இறங்கும். ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீல் மாட்டுவதற்குள் விசில் சத்தம் காதைத் துளைக்கும். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்காருவார்கள். எழுத்து மட்டும் இடம் வலமாக மாறித் தெரியும். கதைக்கு அதனால் குறைவில்லை.

இன்று அந்த வேலையை நான் செய்கிறேன் என்று ஒரு சின்னக் கருவி கடைக்கு வந்திருக்கிறது. ஓர் அடுக்கு டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். ஒரு கையில் தூக்கிவிடலாம். கழுத்தைத் திருப்பினால் சுவரிலும் படம் விழும். படுத்துக்கொண்டு பார்க்கக் கூரையிலும் விழும். பிலிம் கிடையாது, ரீல் கிடையாது. செல்போனில் ஓடுவதை அப்படியே பெரிதாக்கிக் காட்டும். விலை ஏறத்தாழ ரூ.4 ஆயிரத்தில் தொடங்கி ரூ.15 ஆயிரம் வரை போகிறது.

'200 அங்குலத் திரை', '4கே', '9 ஆயிரம் லூமென்' என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பி, அறை வாடகையும் கொடுத்து, மீதியில் காலம் தள்ளும் ஒருவருக்கு ரூ.6 ஆயிரம் சின்னத் தொகை அல்ல. பெட்டியில் அச்சிட்டிருப்பதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

கொடை பார்க்கும் ஆசை

சயான் கோலிவாடா பகுதியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் ஆறு பேருக்கு நெல்லைச் சீமையில் ஒரே ஊர். சித்திரையில் ஊர்க்கோவில் கொடை வந்தது. ஆறு பேரில் ஒருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. கொடையை யூடியூபில் நேரடியாக ஒளிபரப்புவதாக ஊரிலிருந்து தகவல் வந்தது. ஆளுக்கு ரூ.1,000 போட்டு ஒரு புரொஜெக்டர் வாங்கினார்கள். சந்தில் பத்தடித் துணி கட்டி, அக்கம்பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டுவது என்று ஏற்பாடு.

மாலை 7 மணிக்குக் கருவியைப் போட்டார்கள். துணியில் ஒன்றும் தெரியவில்லை. மும்பையில் மே மாதம் சூரியன் மறையவே 7 மணி தாண்டிவிடும். ஊரில் அதற்குள் விளக்கு வைத்து அரை மணி ஆகியிருக்கும். எட்டு மணிக்கு ஏதோ அசைவது தெரிந்தது. எதிர்வீட்டு விளக்கை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தார்கள். தெரு விளக்கை யார் அணைப்பது?

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இட்லிக்கடை அண்ணாச்சி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "தம்பி, படம் ஓடுது, சரிதான். சாமியாடுறது நம்ம பெரியவரா, வேற ஆளான்னு தெரியலியே!" என்றார்.

"இருட்டட்டும் அண்ணாச்சி, நல்லா தெரியும்" என்றார் கருவியை வாங்கி வந்த இளைஞர்.

"இதுக்கு மேல மும்பையில எங்க தம்பி இருட்டும்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

அவர் கேட்டது சரியான கேள்வி. 16 மி.மீ. படம் காட்டிய காலத்தில் சந்துகளில் இருட்டு இருந்தது. இப்போது எல்.இ.டி. விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. கடைப் பலகைகள் விடிய விடிய மின்னுகின்றன. புரொஜெக்டரால் வெளிச்சத்தை மட்டுமே அனுப்ப முடியும். கறுப்பை அனுப்ப முடியாது. படத்தில் கறுப்பாக இருக்கவேண்டிய இடம், துணி அப்போது எந்த நிறத்தில் இருக்கிறதோ அந்த நிறத்தில்தான் தெரியும். தெரு விளக்கு பட்டு வெளுத்திருக்கும் துணியில் கறுப்புத் தலைமுடியும் வெளுத்துத்தான் தெரியும்.

லூமென் கணக்கு

கருவி வெளியே தள்ளும் ஒளியின் அளவைக் குறிப்பது லூமென். இதை அளக்க ஒரு முறை இருக்கிறது. திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் விழும் ஒளியை அளந்து சராசரி எடுக்கவேண்டும். இதற்கு ஏ.என்.எஸ்.ஐ. லூமென் என்று பெயர். வெறும் 'லூமென்' என்று மட்டும் போட்டிருந்தால், உள்ளே இருக்கும் விளக்கின் ஒளியைச் சொல்கிறார்களா, கற்பனையாக ஓர் எண்ணைப் போட்டார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை. 9 ஆயிரம் என்று போட்ட ரூ.6 ஆயிரம் கருவியில், இந்த முறைப்படி அளந்தால் 200 தேறினாலே பெரிய விஷயம்.

200 என்றே வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். நல்ல சினிமா தியேட்டரில் திரையின் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 14 லூமென் ஒளி இருக்கவேண்டும் என்பது அளவு. 60 அங்குலப் படம் என்றால் குறுக்காக மூலைக்கு மூலை 60 அங்குலம். அதாவது அகலம் 4 அடி 4 அங்குலம், உயரம் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. பரப்பு 11 சதுர அடிக்கு உள்ளே. 200 லூமெனை இதில் பரப்பினால் சதுர அடிக்கு 18க்கு மேல் வருகிறது. தியேட்டரை விட ஒரு படி மேல்!

100 அங்குலமாக்கினால் பரப்பு 30 சதுர அடி. ஒளி 7க்கு இறங்கிவிடும். தியேட்டரில் பாதி. இருட்டறையில் பார்க்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் 200 அங்குலத்துக்குப் போனால் அகலம் பதினான்கரை அடி, பரப்பு ஏறத்தாழ 119 சதுர அடி. ஒளி சதுர அடிக்கு 2 கூட இல்லை. படம் விழும் என்பதில் பொய் இல்லை. தெரியும் என்று பெட்டியில் எழுதவில்லை!

சந்தில் கட்டிய பத்தடித் துணிக்கு நேர்ந்ததும் இதுதான். தெருவில் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் 3 ஆயிரம், 4 ஆயிரம் ஏ.என்.எஸ்.ஐ. லூமென் தரும் ஆபீஸ் வகைப் புரொஜெக்டர் வேண்டும். ஆண்டுக்கு ஒரு விழாவுக்காக அதை விலைக்கு வாங்குவது வீண். அந்தக் காலத்து மாதிரி ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே மேல்.

'4கே' என்பதும் இதே கதைதான். '4கே சப்போர்ட்' என்றால் அந்தத் தரத்தில் வரும் படத்தைக் கருவி வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். காட்டுவது தன் சொந்த அளவில்தான். கடைக்காரரிடம் "நேட்டிவ் ரெசல்யூஷன் என்ன?" என்று கேட்கவேண்டும். மலிவுக் கருவிகளில் பெரும்பாலும் 1280க்கு 720. கொஞ்சம் கூடக் கொடுத்தால் 1920க்கு 1080. கிரிக்கெட் ஸ்கோரும் படத்தின் அடியில் ஓடும் எழுத்தும் தெளிவாகத் தெரிய 1080 நல்லது. ஆனால் போனிலிருந்து மங்கலாக வரும் யூடியூப் படத்துக்கு இரண்டும் ஒன்றே.

அறைக்குள் எப்படி?

அன்றிரவு கருவியை அறைக்குள் கொண்டுபோனார்கள். பத்துக்குப் பத்து அறை. விளக்கை அணைத்து, ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு, எழுபது அங்குல அளவில் சுவரில் போட்டார்கள். சாமக்கொடை பளிச்சென்று தெரிந்தது. வில்லுப்பாட்டுக்காரரின் வீசுகோல் மணிகூடத் தனித்தனியாகத் தெரிந்ததாம். பதினைந்து பேர் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்து விடியும்வரை பார்த்தார்கள். அண்ணாச்சி மூன்று மணிக்குத்தான் எழுந்துபோனார். இட்லி மாவு காத்திருக்குமா?

இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவை எட்டு ஒன்பது அடித் தூரத்திலிருந்து 90, 100 அங்குலப் படம் தருகின்றன. ஆகவே சால் அறைக்கு இடம் ஒரு தடை அல்ல. சுவரின் நிறம்தான் தடை. நம் அறைகளில் வெளிர்நீலம், பச்சை, ரோஸ் என்று அடித்திருப்பார்கள். நீலச் சுவரில் எல்லோர் முகமும் காய்ச்சல்காரர் முகமாகத் தெரியும். பளபளப்பில்லாத வெள்ளை வேண்டும். வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்துச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினாலும் போதும். ஒற்றைத் துணியில் பாதி ஒளி பின்பக்கம் போய்விடும்.

கருவியைச் சுவருக்கு நேர் எதிரே, படத்தின் நடுவுயரத்துக்கு ஏற்ப வைக்கவேண்டும். ஓரமாக வைத்தால் படம் கோணலாக விழும். அதைத் தானே நிமிர்த்தும் வசதி இருக்கிறது. ஆனால் அப்படி நிமிர்த்தும்போது படம் சுருங்கும், தெளிவும் குறையும். நாற்காலிமேல் பாய், தலையணை அடுக்கியாவது நேராக வைப்பதே நல்லது.

உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் 3 வாட், 5 வாட். ஓர் அறைக்குப் போதும். தனி ஸ்பீக்கரை புளூடூத்தில் இணைத்தால் சில வேளைகளில் வாய் ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகும். கம்பி போட்டு இணைத்தால் அந்தத் தொல்லை இல்லை. காற்றாடியின் இரைச்சல் எப்போதும் இருக்கும். பக்கத்தில் படுப்பவர் அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவர் என்றால் சண்டை வரும்.

இன்னொரு சங்கடம், படச் செயலிகள். உரிமம் பெறாத கருவிகளில் நெட்பிளிக்ஸ் போன்றவை ஓடாது. ஓடினாலும் மங்கலாக ஓடும். போனில் ஓடுவதைக் கருவிக்கு அனுப்பினால் குரல் மட்டும் வரும், திரை கறுப்பாக இருக்கும். கருவியில் கோளாறு என்று நினைத்துப் பலர் கடைக்கு ஓடுகிறார்கள். கோளாறு அல்ல, திருட்டைத் தடுக்கும் பூட்டு. எச்.டி.எம்.ஐ. துளையில் மாட்டும் டி.வி. ஸ்டிக் வாங்கினால் சரியாகும். அதற்கு இன்னும் ரூ.3 ஆயிரம், 4 ஆயிரம் ஆகும். இந்தச் செலவை முதலிலேயே சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும்.

டி.வி.யா, புரொஜெக்டரா?

பகலில் பார்ப்பவர்களுக்கு டி.வி.யே நல்லது; இதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் பார்ப்பவருக்கு இந்தக் கருவி காசைக் கரியாக்குவதுதான். குழந்தைகள் உள்ள வீட்டில் நாள் முழுவதும் ஓடுவதற்கும் இது ஏற்றதல்ல.

ஆனால் வாடகை அறைக்காரர்களுக்கு வேறொரு நியாயம் இருக்கிறது. மும்பையில் அறை ஒப்பந்தம் 11 மாதம். காலி செய்யும்போதெல்லாம் டி.வி.யைக் கழற்றி, டெம்போவில் ஏற்றி, உடையாமல் இறக்குவது பெரும்பாடு. இதைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு லோக்கல் வண்டியில் போய்விடலாம். ஊருக்குப் போகும்போது எடுத்துப்போய், அம்மாவுக்குப் பேரன் காதுகுத்துப் படத்தைச் சுவர் நிறையக் காட்டலாம். செல்போனை ஏழு பேர் எட்டிப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தெருவில் காட்டுவதாக இருந்தால் சட்டமும் தெரிந்திருக்கவேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாள்கள் சிலவற்றுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். மும்பைக் கோடையில் எட்டு மணிக்கு மேல்தான் படம் தெரியும், பத்து மணிக்குச் சத்தத்தை நிறுத்தவேண்டும்! சினிமாப் படத்தைப் பொது இடத்தில் காட்ட, 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். டிக்கெட் போடவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. சொந்தக் கல்யாண வீடியோவுக்கு இந்தப் பயம் இல்லை.

கடையில் செய்யவேண்டியது

லாமிங்டன் ரோடு கடைகளில் இந்தக் கருவிகள் நிறைய உண்டு. கடைக்காரர் பளபளவென்று மீனும் பூவும் நீந்தும் படம் ஒன்றைப் போட்டுக் காட்டுவார். அதைப் பார்த்து மயங்கவேண்டாம். சின்ன எழுத்து நிறைந்த பக்கம் ஏதாவது ஒன்றை உங்கள் போனிலிருந்து போடச் சொல்லுங்கள். நடுவில் தெளிவாக இருந்து நான்கு மூலையிலும் எழுத்து கலங்கினால், அந்தக் கருவி வேண்டாம். பிறகு இரவுக் காட்சி உள்ள படம் ஒன்று போடச் சொல்லுங்கள்.

ஒளி செல்லும் பகுதி மூடிய அமைப்பா, திறந்த அமைப்பா என்றும் கேளுங்கள். திறந்த அமைப்பில் காற்றாடி தூசியை உள்ளே இழுக்கும். ஊதுவத்திப் புகையும் தாளிக்கும் புகையும் நிறைந்த ஒற்றை அறையில் சில மாதங்களிலேயே படத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் விழும். துடைக்க வேண்டுமானால் கருவியைப் பிரிக்கவேண்டும். மூடிய அமைப்பும் 1080 அளவும் சேர்ந்து கிடைக்கும் கருவி ரூ.10 ஆயிரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆறு பேர் ரூ.1,000 போட்டு அவசரப்படுவதைவிட, இன்னும் இரண்டு மாதம் சீட்டுப் பிடித்து இதை வாங்குவது உத்தமம்.

பில் இல்லாமல் ரூ.500 குறைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளவேண்டாம். பில் இல்லாவிட்டால் ஓராண்டு உத்தரவாதம் இல்லை. பேட்டரி உள்ளதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 'போர்ட்டபிள்' என்று போட்டிருந்தாலும் மலிவுக் கருவிகள் பெரும்பாலும் பிளக்கில் மாட்டினால்தான் ஓடும்.

சயானில் ஏறுபவர்கள் தாதரில் மாறி, மேற்கு ரயில்வே ஸ்லோ வண்டியில் கிராண்ட் ரோடு இறங்கவேண்டும். பாஸ்ட் வண்டிகள் பல அங்கு நிற்காது. கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் சிறிது நடைதான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை.