யானையின் கழுத்தில் ஒரு காலர்

2023 மே 27. கம்பம் நகரத் தெருக்களில் ஒரு கொம்பன் யானை ஓடியது. கேரளத்தின் சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பழகிய அரிக்கொம்பன் அது. ஒரு மாதத்துக்கு முன்புதான் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டிருந்தார்கள். காலர் இருந்தும் யானை எப்படி ஊருக்குள் வந்தது?

காலர் யானையைத் தடுப்பதில்லை. அது இருக்கும் இடத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். கழுத்தைச் சுற்றிய தடித்த பட்டையின் மேல்பக்கம் ஜிபிஎஸ் கருவி வானம் பார்த்து இருக்கும். பட்டை சுழன்றுவிடாதபடி கீழ்ப்பக்கம் கனம் தொங்கும். செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிட்டு, குறித்த இடைவெளிகளில் வனத்துறைக்கு அனுப்பும். வரைபடத்தில் ஒரு கோடு போட்டு வைத்தால், யானை அதைத் தாண்டியதும் அலுவலர்களின் கைப்பேசிக்குச் செய்தி வரும்.

ஆனால் அடிக்கடி அனுப்பினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அடர்ந்த மரக்கூரையின் கீழ் சமிக்ஞை தடுமாறும். ஒரு தகவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே யானை சில கிலோமீட்டர் நடந்திருக்கும்.

காலர் இல்லாத யானைகளுக்கு வேறு வழி வேண்டும். கோவை நவக்கரை அருகே 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன்பின் மதுக்கரையில் 12 கோபுரங்கள் எழுந்தன. 2024 பிப்ரவரியில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், உடல் வெப்பத்தை உணரும் கேமராக்கள் இருட்டிலும் யானையைக் காண்கின்றன. செயற்கை நுண்ணறிவு அதை அடையாளம் கண்டு, தண்டவாளத்தை நெருங்கும் முன்பே வனத்துறைக்கும் ரயில்வேக்கும் எச்சரிக்கை அனுப்புகிறது. செய்தி கிடைத்ததும் ரயிலின் வேகம் குறைகிறது. அதனால்தான் அந்த எச்சரிக்கைக்குப் பயன்.

கம்பத்தில் நடந்தது வேறு. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. படமெடுக்கத் தனியார் ட்ரோனும் பறந்தது. யானை மிரண்டது. தாக்கப்பட்ட ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று அரிக்கொம்பனை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு அனுப்பினார்கள்.

கம்பத்தில் நடந்தது காட்டை ஒட்டிய மற்ற ஊர்களிலும் நடக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி மதுரை மாவட்டச் சாப்டூர் மலையில் இருக்கிறது. அடிவாரத்து ஊர்களுக்கு யானை புதிதல்ல. எந்தக் கருவியும் நமக்குத் தருவது கொஞ்சம் அவகாசம் மட்டுமே. யானை வருகிறது என்று செய்தி வந்தால் வீட்டுக்குள் இருங்கள். செல்போனைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடாதீர்கள்.