விட நினைக்கும் நாளில் எங்கே போவது?



"இனிமே தொட மாட்டேன்" என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் சுத்தமாக இருக்கிறார்கள். மாலையைக் கழற்றிய மறு வாரமே பழைய கதை. அவர் பொய் சத்தியம் செய்தார் என்று நினைக்காதீர்கள். பல வருஷம் தினமும் குடித்தவருக்குக் குடி ஒரு நோயாகவே ஆகிவிடுகிறது. ரோஷத்தால் மட்டும் அதை விட முடிவதில்லை.

ஆனால் அந்த 48 நாள் எப்படி முடிந்தது? யோசித்துப் பாருங்கள். கூடவே நாலு சாமிகள் இருந்தார்கள். சாயங்காலம் ஆனால் போய் உட்கார ஓர் இடம் இருந்தது. குடிநோயிலிருந்து மீள்வோர் கூட்டமும் இதே துணையைத்தான் தருகிறது. வித்தியாசம் ஒன்றுதான், இதற்கு 48 நாள் என்ற கெடு கிடையாது.

இந்தக் கூட்டம் தொடங்கிய விதம் கேட்கத் தக்கது. 1935-ஆம் வருஷம், அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊர். பில் என்ற பங்குத் தரகர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வியாபாரத்துக்காக அங்கே வந்தார், காரியம் கெட்டுப்போனது. தங்கியிருந்த ஓட்டலிலேயே மதுக்கடை. கால் அந்தப் பக்கம் இழுத்தது. அவர் அங்கே போகாமல், ஊரிலுள்ள சர்ச்சுகளுக்குப் போன் செய்து, "என்னைப் போலக் குடியால் கெட்டவர் யாராவது இருக்கிறாரா, பேச வேண்டும்" என்று கேட்டார். பாப் என்ற அறுவை சிகிச்சை டாக்டரிடம் அனுப்பினார்கள். "கால் மணி நேரம்தான் இருப்பேன்" என்று வந்த டாக்டர், இரவு பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தார். அப்படிப் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1957-இல் பம்பாயில் தொடங்கி நம் நாட்டிலும் பரவியது.

கூட்டத்தில் என்ன நடக்கும்? சுமார் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, குடித்தவர்களே தங்கள் கதையைச் சொல்வார்கள். உபதேசம் இல்லை. கட்டணம் இல்லை. வாடகைக்கும் டீக்கும் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர் போடலாம். முழுப் பெயர், ஊர், சாதி யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்டது வெளியே போகாது. சில ஊர்களில் சர்ச் அறையில் நடக்கும். அதற்காக மதம் மாற்றும் இடம் என்று பயப்பட வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே போதும். "இன்னிக்கு ஒருநாள் குடிக்க மாட்டேன்" என்பதுதான் அங்கே கணக்கு. ஆயுளுக்கும் சத்தியம் கேட்பதில்லை.

கூட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது போதை மீட்புக்கான இலவச எண். 104-இலும் கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஒரத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரியுங்கள். டீக்கடையில் விசாரிக்கக் கூச்சமாக இருந்தால் நர்சம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். கிழமை, நேரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் தூரமானால் கைபேசி வழியாக நடக்கும் கூட்டங்களும் உண்டு.

ஒரு முக்கிய எச்சரிக்கை. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் கண்டு பிதற்றுவது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டர், பிறகு கூட்டம். அதேபோல், "தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்க" என்று விற்கும் மருந்தை, தாய்மார்களே, வாங்கவே வாங்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் இதயம் நிற்கும் அளவுக்குப் போகலாம்.

சொந்த ஊரிலேயே இது முடியும் என்பதற்குத் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி சாட்சி. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, மஞ்சக்குடியில் 15 நாள் முகாம்கள் நடத்தியது. குடிப்பவருக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும் அங்கே ஆலோசனை சொன்னார்கள்.

மனைவிக்கும் இடம் உண்டு. "திறந்த கூட்டம்" என்றால் நீங்களும் கூடப் போகலாம். "மூடிய கூட்டம்" குடித்தவர்களுக்கு மட்டும். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் கூட்டம் 1951 முதல் இருக்கிறது. வீட்டுக்காரர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் அதற்குப் போகலாம். அவர் போதையில் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், காலையில் பேசுங்கள். அடி உதை இருந்தால் 181-க்குப் போன் செய்யத் தயங்காதீர்கள்.

அறுவடைக் கூலி கைக்கு வரும் வாரம், மீன்பிடித் தடைக்காலத்தில் வேலையில்லாத நாட்கள் இரண்டும் மோசமானவை. அப்போது ஒரு கூட்டத்தையும் விட வேண்டாம். முதல் கூட்டத்தில் பேச வேண்டியதில்லை, பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால் போதும். நடுவில் ஒருநாள் தவறிக் குடித்துவிட்டாரா? அடுத்த கூட்டத்துக்கு அனுப்புங்கள். அங்கே அவரை யாரும் வாசலில் நிறுத்த மாட்டார்கள்.