வில்லை எடுத்து வரலாமா?

போன மாதம் ஒரு நாள் காலை, அடுப்பில் பால் பொங்குகிற நேரம் பார்த்து, அமெரிக்காவிலிருக்கும் என் சித்தி மகனிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. பொங்கலுக்கு வருகிறானாம். மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடற்கரை விடுதி ஒன்றில் நான்கு நாள் தங்கப் போகிறானாம். அதோடு விட்டானா? "அக்கா, அந்தப் பக்கம் பொது நிலம் ஏராளமாமே! வில் வேட்டைக்கு இடம் கிடைக்குமா? லைசென்ஸ் எந்த ஆபீஸில் வாங்க வேண்டும்? விசாரித்துச் சொல்லேன். வில்லை எடுத்து வருகிறேன்" என்று எழுதியிருந்தான்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது.

"வில்லா? எதுக்குடி? ராமாயண நாடகத்திலே வேஷம் கட்டப் போறானா?"

சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. ஆனால் அவன் கேட்டதில் குற்றம் ஒன்றுமில்லை. அவன் இருப்பது விஸ்கான்ஸின் மாகாணத்தில். அங்கே வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டையாடுவதற்கென்று 1934இலேயே தனிப் பருவம் ஏற்படுத்தி விட்டார்கள். சர்க்காருக்குச் சொந்தமான காடுகள் பலவற்றில் யாரும் போகலாம். வெளி மாகாணத்துக்காரர் என்றால் கட்டணம் கூட, அவ்வளவுதான். அதற்காக, வில்லைத் தோளில் மாட்டிக் கொண்டு நினைத்தபடி புறப்பட்டு விட முடியாது. வேட்டைக் கல்வி வகுப்பில் தேறிய சான்று வேண்டும். லைசென்ஸ் வேண்டும். இத்தனை மான்தான் என்று கணக்கு உண்டு. மான் கையில் கிடைத்தால் மறுநாள் மாலை 5 மணிக்குள் சர்க்காரிடம் பதிய வேண்டும். கறியை வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம், விற்கக் கூடாது. வில், அம்பு விலையிலேயே ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அந்தப் பணம் காட்டு விலங்குகளைப் பராமரிக்கப் போய்ச் சேர்கிறது. வில்லுக்கும் அம்புக்கும் அந்த வரியை விதித்தது 1972இல்.

இந்த 1972 என்ற வருஷத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

பத்திரிகைக்காரிக்கு ஊர் சுற்ற ஒரு சாக்குக் கிடைத்தால் போதாதா? மார்கழிக் குளிரில் விடியற்காலை பஸ் ஏறி மரக்காணத்தில் இறங்கினேன். நாலு பக்கமும் உப்பளம். ஆனால் வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக உப்பைப் பார்க்கலாம் என்று போகிறவர்கள் இந்தச் சமயத்தில் ஏமாந்து போவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை பாத்திகளையெல்லாம் நிரப்பி விட்டிருந்தது. பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் வானம் பார்த்துக் கிடந்தது தண்ணீர். மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்த பிறகுதான் பாத்தியைச் சீர் செய்து, தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். அதுவரை உப்பளத்துக்காரர்களுக்கு வேலையில்லை, கூலியுமில்லை.

டீக்கடையில் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன். "ஏங்க, இந்தப் பக்கம் வேட்டையாட இடம் ஏதாவது உண்டா?" கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். புடவை கட்டிக் கொண்டு, தோளில் பையும் கையில் குடையுமாக ஒருத்தி வந்து இப்படிக் கேட்டால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

"யாரும்மா கேக்கச் சொன்னாங்க?" என்றார்.

தம்பியின் கதையைச் சொன்னேன். அவர் முகத்தில் சந்தேகம் தணிந்தது. "வில்லெல்லாம் யாரும் கேட்டதில்லம்மா. வாத்து கிடைக்குமா, கொக்கு கிடைக்குமான்னு கார நிறுத்திக் கேக்கறவங்கதான் உண்டு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்" என்றார். இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்து விட்டது.

வாத்தும் கொக்கும் இருக்கும் இடம் ஊருக்குத் தென்மேற்கே கிடக்கிறது. கழுவெளி என்று பெயர். கழுவேலி என்றும் சொல்கிறார்கள். பெயருக்கேற்ற வெளிதான்! கரையில் நின்றால் எதிர்க்கரை புகைபோலத் தெரிகிறது. ஒரு பக்கம் மழைத் தண்ணீர். கடலை நெருங்க நெருங்க உப்பு ஏறுகிறது. உப்புக்கழி ஓடை வழியாகவும் இடையன்திட்டுக் கழிமுகம் வழியாகவும் கடலோடு உறவு. தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்தபடி பெரியது இதுதான்.

நான் போன அன்று, சூரியன் கிளம்பிச் சற்று நேரம் ஆகியிருக்கும். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. யாரோ சாயத் துணி உலர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கோடு நகர்ந்தது! பூநாரைகள். இந்தப் பக்கம் கூழைக்கடாக்கள் தாடைப் பையைத் தொங்க விட்டுக் கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் பெரியவர்களைப் போல உட்கார்ந்திருந்தன. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இமயமலையைத் தாண்டி வருகிறவை. நம்மூர் வாத்தைப் போலத் தண்ணீரில் தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி மேய்ந்து கொண்டிருந்தன. அவ்வளவு தூரம் பறந்து வந்த உடம்பு என்று பார்த்தால் தெரியாது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் நீலச்சிறகி அதில் அடங்கி விடும் போலிருந்தது.

நத்தை பொறுக்கிக் கொண்டிருந்த வயதான அம்மாள் ஒருவரிடம், "இது யாரோட நிலம்மா?" என்று கேட்டேன்.

"யாரோடதும் இல்ல. பொறம்போக்கு" என்றார். பிறகு ஏதோ நினைத்துக் கொண்டு, "இப்ப பாரஸ்ட்டுக்காரங்களது" என்று திருத்தினார்.

தம்பியின் கேள்விக்கு உண்மையான பதில் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. புறம்போக்கு என்றால் நமக்கு யாருக்கும் பட்டா இல்லாத இடம். மாடு மேய்க்கலாம், கோரை அறுக்கலாம், மீன் பிடிக்கலாம். ஊராரின் கை நீளும் தூரம் அவர்களுடையது. அதை அமெரிக்கத் தம்பி 'பொது நிலம்' என்று மொழிபெயர்த்துக் கொண்டால், 'அப்படியானால் எனக்கும் பங்கு உண்டு' என்று ஆகி விடுகிறது.

2021 டிசம்பரில் தமிழக அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு ஏறக்குறைய 5,150 ஹெக்டேர். ஏக்கரில் 12,000-க்கும் மேல். இங்கே வேட்டையாடினால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை; ஏழு வருஷம் வரை போகலாம். அபராதம் வேறு. எழுத்து மூலமான அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம்.

சரி, சரணாலயத்துக்கு வெளியே? அங்கேயும் இல்லை! 1972 என்ற வருஷத்தை நினைவில் வைத்துக் கொள்ளச் சொன்னேன் அல்லவா? வில்லுக்கு வரி போட்டு வேட்டையை ஒழுங்கு செய்தார்கள் அவர்கள். நம் நாட்டில் அதே வருஷம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் இந்தச் சட்டத்திலும் சிறு வேட்டை, பெரு வேட்டை என்று லைசென்ஸ் உண்டு. 1991இல் திருத்தம் செய்து அந்த லைசென்ஸையே எடுத்து விட்டார்கள். அன்றிலிருந்து பொழுதுபோக்குக்காக வேட்டையாட இந்தியாவில் எந்த ஆபீஸும் சீட்டுத் தராது. காக்கை, எலி, வௌவால் ஆகியவற்றை மட்டும் தொல்லைப் பிராணிகள் என்று ஒரு பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலும் போய் விட்டது. காட்டுப்பன்றி நிலக்கடலையைத் தோண்டித் தின்றால்கூட, விவசாயி அம்பெடுக்க முடியாது.

குறி தவறினாலும் தப்பிக்க வழியில்லை. வேட்டை என்றால் கொல்வது மட்டுமில்லை; கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை போட்டு இழுப்பது, முயற்சி செய்வது எல்லாம் வேட்டைதான் என்று சட்டம் சொல்கிறது. பிடிபட்டால் வில்லும் போகும், ஏறி வந்த காரும் போகும்.

"அடப்பாவமே, அந்தக் காலத்தில் யாரும் வேட்டையாடவில்லையா?" என்கிறீர்களா? ஆடாமல் என்ன! இதே ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பரிசில் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்கிறார்கள். எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும். வேலூரில் வேட்டுவர் வீட்டில் புளிச்சோறும் காட்டுப் பசுவின் கறியும் கிடைக்கும் என்று! எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டியது என்றும், வேலூர் இங்குள்ள உப்புவேலூர் என்றும் ஆராய்ச்சியாளர் சொல்வதுண்டு. ஒன்று கவனித்தீர்களா? வெளியூர்க்காரனுக்கு வேட்டைக் கறி உண்டு. வேட்டை இல்லை. அம்பு உள்ளூர்க்காரர் கையில்தான்.

வெளியூர்க்காரர் கையில் ஆயுதம் வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். வடக்கே, மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரிப் பறவைகளைப் பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். ஏரி அவர்களுக்குப் பொது இடம், யாருடையதும் அல்ல. ஊராருக்கு அப்படியில்லை. பறவையின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் போட வேண்டாம். ஜனங்கள் திரண்டு கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உத்தரவைக் கையில் வாங்கிக் கொண்டுதான் திரும்பினார்கள். 1972-க்கு 174 வருஷம் முன்னால்! அந்த ஊர்ப் பெண்மணிகளும் அந்தக் கூட்டத்தில் போயிருப்பார்கள் என்று நினைத்துக் கொள்ள எனக்கு ஆசை.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. எலியும் முயலும் உடும்பும் பிடித்து வயிறு வளர்த்த இருளர்களுக்கும், பறவை பிடித்த நரிக்குறவர்களுக்கும், விடுமுறைக்கு வில் கொண்டு வரும் விருந்தாளிக்கும் அது ஒரே கோடு போட்டது. விருந்தாளிக்கு வேறு பொழுதுபோக்கு உண்டு. இவர்களுக்கு? இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் 1978இல் இருளர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி விட்டு விடுவார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். வேட்டைக்காரனின் வித்தையை வீணாக்காமல் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார்களே! கழுவெளிக் கரையில் அப்படி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. உப்பள வேலை நிற்கிற மாதங்களும் வெளிநாட்டு வாத்து வந்து இறங்குகிற மாதங்களும் ஒன்றாக இருக்கின்றன. அந்த மாதங்களில்தான் கார்கள் நின்று விலை கேட்கின்றன.

கார் என்றதும் நமக்கென்ன என்று இருந்து விடாதீர்கள். காரின் பின் ஸீட்டில் உட்கார்ந்து, "நாட்டுக்கோழி மாதிரி இருக்குமாமே, ரெண்டு வாங்குங்களேன்" என்று சொல்வது யார்? சுட்டவனுக்கு மட்டும்தான் தண்டனை என்று நினைக்க வேண்டாம். காட்டுப் பறவையை வாங்குவதும் குற்றம். அதன் கறியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். இந்த இடத்தில், கூண்டில் பச்சைக்கிளி வளர்க்கும் சகோதரிகளுக்கும் காதோடு காதாக ஒரு வார்த்தை: அதற்கும் இதே சட்டம்தான்.

ஊர் திரும்பியதும் தம்பிக்கு விவரமாக எழுதினேன். வில்லை வைத்து விட்டு வா, தூரதர்சினிக் கண்ணாடி எடுத்து வா. கரையிலிருந்து பார்க்கத் தடையில்லை என்றேன். கை துறுதுறுவென்று இருந்தால் இலக்குப் பலகையில் அம்பு விட்டுப் பார்க்க நம் ஊர்களிலும் வில்வித்தைப் பயிற்சி இடங்கள் உண்டு என்றேன். ராஜஸ்தானின் லிம்பா ராம் சிறு வயதில் மூங்கில் வில்லால் காட்டில் வேட்டையாடியவர். பிறகு மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியாவுக்காக அம்பெய்தார். ராஞ்சியில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான தீபிகா குமாரி மாங்காயைக் குறி பார்த்துக் கல்லெறிந்து பழகியவர்; உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கினார். இதையும் எழுதினேன்.

பதில் மறுநாளே வந்து விட்டது. "புரிந்தது அக்கா. வில் வரவில்லை. நான் மட்டும் வருகிறேன். பெரியம்மா வைக்கிற மீன் குழம்பு பட்டாவா, புறம்போக்கா? அதை மட்டும் கேட்டுச் சொல்."

அம்மாவிடம் கேட்டேன். "பட்டாதான். ஆனா அவனுக்குப் பாத்தியதை உண்டுன்னு எழுது" என்று சொல்லி விட்டு, புளியை ஊறப் போடப் போய் விட்டாள்.